மிஷின் கட்சி

எந்த மிஷின் கெட்டாலும் அவர் மிஷினைப் பார்க்க மாட்டார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, மிகப் பொறுமையான குரலில், "நீ இன்னா பண்ண?" என்று கேட்பார். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவே ஆகாது. கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம். இவரோ, அடிவாங்கி வந்த தன் பிள்ளைக்காக நியாயம் கேட்க வந்தவர்போல நம் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார். பிள்ளை யாரென்றால் அந்த மிஷின்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய மகன்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். நாங்கள் எல்லோரும் அவரைச் சார் என்று கூப்பிட்டோம். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவரில்லை, எந்த ஆபீசிலும் அதிகாரியாக இருந்தவரில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு போன் வைத்திருந்ததால் சார் ஆனார்.

அது திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிது. எண்பத்தொன்பதோ தொண்ணூறோ. ஊருக்குள் ஆபீசுகள் வந்தன, ஆபீசுகளைத் தேடி வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், வந்தவர்கள் எல்லோருக்கும் வீட்டுக்குப் போன் பேச வேண்டியிருந்தது. பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சார் எஸ்.டி.டி. பூத் திறந்தார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் பெங்களூரில் வேலையில் இருந்தார். வாரம் ஒரு தரம் அடி அண்ணாமலையிலிருந்து வந்து, வரிசையில் நின்று அவருடன் பேசிவிட்டுப் போவேன். ஒருநாள் நாலு வார்த்தை பேசுவதற்குள் லைன் அறுந்துபோனது. கூண்டை விட்டு வெளியே வந்தேன்.

"நீ இன்னா பண்ண?" என்றார் சார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். தானா கட்டாயிடுச்சு."

"தானா எப்படிம்மா கட்டாவும்? மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வாயக் கிட்ட வெச்சுப் பேசுனியா? ஒயரப் புடிச்சு இழுத்தியா? கோவமாப் பேசுனியா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இருபது வயது. இரண்டு நாள் நான் நிஜமாகவே யோசித்தேன், எதையாவது தெரியாமல் அழுத்திவிட்டேனோ என்று. புருஷனிடம் கோபமாகப் பேசிவிட்டேனோ என்றுகூட யோசித்தேன். அன்றைக்கு ஊர் முழுக்கவே லைன் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் அதை அவரிடமே சொன்னேன். "அப்படியா? அப்ப வேற யாரோ இன்னமோ பண்ணியிருக்காங்க" என்றார்.

அந்தப் போன் எப்போதும் சந்தன வாசனை அடிக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மிஷின்களுக்குச் சந்தனப் பொட்டு வைப்பார். மற்றவர்கள் மாதிரி மேலே ஒன்று, நடுவே ஒன்று என்று வைக்க மாட்டார். அதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "ஊர்க்கண்ணு வாய் வழியாத்தான் உள்ள போவும். அதனால வாய்க்குத்தான் பொட்டு" என்பார். போனுக்கு நாம் பேசுகிற பக்கம். ஜெராக்ஸ் மிஷின் வந்தபோது அதற்குப் பேப்பர் நுழைகிற இடம். பிற்பாடு கம்ப்யூட்டர்கள் வந்தபோது சிடி போடுகிற வாய். கட்டியாக அரைத்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அழகாக வைப்பார். தன் பேத்திக்குக்கூட அப்படிப் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டால் மிஷின் காரணமில்லை, பேப்பர் கொண்டுவந்தவரின் கைதான் காரணம். "உங்க கைல வேர்வை ஜாஸ்தி" என்பார். இதற்காகவே மேசைமேல் ஒரு பவுடர் டப்பா வைத்திருந்தார். பென்ஷன் பேப்பரோடு வருகிற பெரியவர்கள், சாதிச் சான்றிதழோடு வருகிற பிள்ளைகள், எல்லோரும் கையில் பவுடரைத் தேய்த்துக்கொண்டுதான் காகிதத்தை நீட்ட வேண்டும். நீட்டினார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது. ஒருத்தராவது, "யோவ், உன் மிஷினைச் சுத்தம் பண்ணுய்யா" என்று கேட்டிருக்க வேண்டாமா? நானும்தான் கேட்கவில்லை. பவுடர் தேய்த்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். சாவுச் செய்தி சொல்ல யாராவது ஓடிவந்தால், வரிசையை நிறுத்திவிட்டு அவரே நம்பரைச் சுழற்றுவார். லைன் கிடைக்கிறவரைக்கும் விடமாட்டார். ஒருமுறை ஒரு பெண் தன் அண்ணன் செத்ததைச் சொல்ல வந்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, விரல் வலிக்க வலிக்கச் சுழற்றி, பம்பாயைப் பிடித்துக்கொடுத்தார். கொடுத்தபோது, "அழாமப் பேசும்மா, அழுதா மிஷினுக்குப் புரியாது" என்றும் சொன்னார். இவரை வெறுக்கவும் முடியாது, தூக்கிவைத்துக்கொள்ளவும் முடியாது.

போன் பூத் ஜெராக்ஸ் கடையாகி, ஜெராக்ஸ் கடை பிரௌசிங் சென்டராகி, இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஆறேழு வருஷம் போனபின் மாடியில் இன்னொன்று ஆனது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன நோய், என்ன மருந்து என்று பேசிப் பதிவு செய்வார்கள். அந்தக் குரலை இங்கே பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, வரிக்கு வரி தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். சென்னைக் கம்பெனி ஒன்று சாருக்கு இந்த வேலையைக் கொடுத்தது. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. அஞ்சல் வழியில் படித்திருந்தேன். தட்டச்சு செய்தவற்றைச் சரிபார்க்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். புரியாத வார்த்தைக்குப் பதிலாக ஒரு கோடு போட்டு விட்டிருப்பார்கள், அதை நான் நிரப்ப வேண்டும். கோடுகள் அதிகமானால் கம்பெனியிலிருந்து திட்டு வரும்.

மஞ்சுளா அங்கேதான் வந்து சேர்ந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் மணிலாக்கொட்டை, அதுதான் வேர்க்கடலை. தினமும் முதல் பஸ்சில் வருவாள். பி.எஸ்சி. முடித்ததும் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்த அப்பனிடம், இரண்டு வருஷம் வேலை பார்க்கிறேன், அதுவரைக்கும் பேச்சே எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தவள். அந்தப் பெண்ணுக்கு இருந்த காதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற டாக்டர் ஒருவர் இருந்தார், அவர் குரல் வந்தாலே மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். மஞ்சுளா அவரை ஒரு கோடுகூட விடாமல் அடித்துக்கொடுப்பாள்.

அதனால்தான் லேப்டாப் அவளுக்குப் போனது. சென்டரில் ஆறு கம்ப்யூட்டர், ஒரே ஒரு லேப்டாப். சாரின் மச்சான் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதைத் துணி போட்டு மூடிவைப்பார், திறக்கும்போது ஒரு கும்பிடு போடுவார். "நல்லா வேல செய்யற கைக்குத்தான் இத குடுப்பேன்" என்று சொல்லி மஞ்சுளாவிடம் கொடுத்தார். அவளும் அதை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள். அடிக்கடி வருகிற நீளமான மருந்துப் பெயர்களுக்கெல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சுருக்கம் வைத்து, அதை அடித்தால் முழுப் பெயரும் வருகிற மாதிரி அந்த லேப்டாப்பில் ஒரு பட்டியல் சேர்த்திருந்தாள். எட்டு மாத உழைப்பு அது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சென்டரைக் கழுவிவிட்டு, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, சார் வழக்கம்போல ஒவ்வொரு மிஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லேப்டாப்பிடம் வந்ததும் அதைக் கையில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் ஒரு பொட்டு வைத்தார். என் கண்ணால் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள், மஞ்சுளா ஹெட்போனைச் சொருகினாள். காதில் சத்தம் வரவில்லை. டாக்டரின் குரல் லேப்டாப்பின் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது. நோயாளியின் சமாச்சாரம் வெளியே ஒலிக்கக்கூடாது, ஹெட்போனில்தான் கேட்க வேண்டும் என்பது கம்பெனியின் கண்டிப்பு. அவள் பதறிப்போய் நிறுத்தினாள். ஒயரைப் பிடித்து ஒரு பக்கமாக வளைத்தால் ஒரு காதில் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. கையை விட்டால் அதுவும் போனது.

"சார், ஹெட்போன்ல சவுண்டு வரல."

அவர் எழுந்து வந்தார். லேப்டாப்பைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்தார்.

"நீ இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல சார். வந்து சொருகுனேன், அவ்ளோதான்."

"தண்ணி பட்டுச்சா? ஈரக்கையோட தொட்டியா? பாட்டுகீட்டு கேட்டியா?"

பிறகு வைத்தியம் தொடங்கியது. வேறு ஹெட்போன் போட்டார், வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கிவந்து போட்டார், வரவில்லை. சத்தக்குறியில் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், விழவில்லை. அணைத்துப் போட்டார். சிடி போட்டு சவுண்டு டிரைவரை அழித்துத் திரும்ப ஏற்றினார். இவ்வளவும் செய்தார், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ஒவ்வொன்று முடிந்ததும் நிமிர்ந்து, திரையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்ப்பார், இப்போதாவது சொல்வாளா என்று. அவள் சொல்ல என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் ஃபார்மட் போட்டார். எல்லாம் அழிந்தது. மஞ்சுளாவின் எட்டு மாதப் பட்டியலும் போனது. "கேட்டிருந்தா ஒரு சிடில எடுத்து வெச்சிருப்பேனே சார்" என்றாள். "அந்தக் குப்பைதாம்மா மிஷின அடச்சிருக்கும்" என்றார். ஃபார்மட் போட்ட பிறகும் ஹெட்போனில் சத்தம் வரவில்லை. அவர் ஒயரை வளைத்துப் பிடித்து, காதில் வைத்து, அந்தக் கிணற்றுக் குரலைக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"எனக்குக் கேக்குதே!"

அன்றிலிருந்து குற்றம் மஞ்சுளாவின் காதுக்குப் போனது. அவள் ஒரு கையால் ஒயரை வளைத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டச்சு செய்தாள். காகிதம் முழுக்கக் கோடுகள். நான்தான் அவற்றைச் சிவப்பால் சுழித்துச் சாரின் மேசையில் வைத்தேன். என் வேலை அது. என் வேலையை நான் சரியாகச் செய்தேன். வேறொரு கம்ப்யூட்டரில் அவளை உட்கார வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற ஆறிலும் ஹெட்போன் ஒயர் பின்பக்கத்தில் எப்போதும் சொருகியே கிடக்கும், ஒன்றிலும் கோளாறில்லை. ஒரு நாள் மாற்றி உட்கார வைத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். மஞ்சுளாவே கேட்டுப் பார்த்தாள், சார் விடவில்லை. "காது கெட்டவங்க எதுல உக்காந்தா இன்னா?" என்றார், ஆறு பெண்களுக்கு நடுவே.

மஞ்சுளா அழவில்லை. காது டாக்டரிடம் போய்வருகிறேன் என்று கிளம்பினாள். மறுநாள் சீட்டோடு வந்தாள். இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. சார் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"எப்படிப் பாத்தாரு?"

"கம்பி மாதிரி ஒண்ணத் தட்டி காதுகிட்ட வெச்சுப் பாத்தாரு சார்."

"மிஷின்ல வெச்சுப் பாக்கலியா?"

"இல்ல சார்."

"அப்ப இது சும்மா" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆங்கிலம் படித்தவள், மூத்தவள், என் இருபது வயதிலிருந்து சாருக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் அந்த அறையில். நான் குனிந்து எதையோ சுழித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து அவர் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அவள் வீட்டில் போன் கிடையாது. அவசரத்துக்கென்று ஊரில் இருந்த உரக்கடையின் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாள். சார் அந்த நம்பருக்குப் போட்டார். எடுத்தது கடைக்காரர். "மஞ்சுளாவோட அப்பாட்ட சொல்லுங்க, பொண்ணுக்குக் காது மந்தம், வேலைக்கு ஆவாது, வந்து கூட்டினு போகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உரம் வாங்க நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தபிறகுதான் அப்பன் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் பஸ்சிலிருந்து இறங்கிய பெண்ணை அவள் ஊரே உற்றுப் பார்த்திருக்கிறது. யாரோ ஒருத்தி வேண்டுமென்றே பக்கத்தில் வந்து, உரத்த குரலில், "சாப்ட்டியாடீ?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து வருகிற இன்னொரு பெண்தான் இதையெல்லாம் சொன்னாள். செவுடிக்குப் படிப்பெதற்கு, வேலை எதற்கு, கேட்டு வருகிற முதல் ஆளுக்குக் கொடுத்துவிடு என்று சொந்தக்காரர்கள் அப்பனிடம் பேசத் தொடங்கிவிட்டார்களாம். இரண்டு வருஷச் சத்தியம் போயிற்று.

அடுத்த மாதப் பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டம், தெருவெல்லாம் ஒலிபெருக்கி. வேலை குவிந்துவிட்டதால் சார் லேப்டாப்பை என் மேசையில் வைத்தார். ஹெட்போனைச் சொருகினேன். காதில் ஒன்றுமில்லை. ஸ்பீக்கரில் டாக்டர் பேசினார்.

"சார், எனக்கும் வரல."

தலையைச் சாய்த்தார். "உனக்கும் வயசாவுதில்லம்மா" என்றார். "வீட்ல மிக்சி சத்தம், டிவி சத்தம். கேட்டுக் கேட்டு மந்தமாயிருக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் ஹெட்போனைப் பிடுங்கினேன். பிடுங்கிய ஊசியின் நுனியைப் பார்த்தேன். மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. ஊசியைத் திரும்ப வைத்து அமுக்கினேன். முழுதாக உள்ளே போகவில்லை, ஒரு நெல் அளவு வெளியே நின்றது. இத்தனை நாளில் யாரும் அதைப் பார்க்கவில்லை. செல்போன் வெளிச்சத்தை அந்த ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தேன். லேப்டாப்பை அணைத்துவிட்டு, புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மெதுவாகக் கிளறினேன். ஒரு வெள்ளைத் தாளில் பொடிப்பொடியாக விழுந்தது. கடைசியில் ஒரு கட்டி, மிளகளவு. முகர்ந்து பார்த்தேன். பதினேழு வருஷத்துக்கு முன்னால் புருஷனோடு பேசப் பிடித்த போனின் வாசனை.

லேப்டாப்பைப் போட்டு ஹெட்போனைச் சொருகினேன். டக்கென்று உட்கார்ந்தது. இரண்டு காதிலும் டாக்டர் பேசினார். மென்றுகொண்டே பேசுகிற அதே டாக்டர்.

தாளை அப்படியே எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தேன். "ஹெட்போன் ஓட்டைல இருந்தது சார்."

அவர் குனிந்து பார்த்தார். கட்டியை விரலில் எடுத்து உருட்டினார். நிமிர்ந்து அறையிலிருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதே பொறுமையோடு கேட்டார்: "யார் பண்ணது இத?"

"நீங்கதான் சார். ஆயுத பூஜையன்னிக்கு. நான் தட்டப் புடிச்சினு நின்னேன்."

கட்டியைத் தாளில் திரும்ப வைத்தார். பிறகு சொன்னதைக் கேளுங்கள். "நான் மேலத்தான வெச்சேன். உள்ள தள்ளுனது யாரு? சொருகுனவங்கதான?"

அன்றைக்குத்தான் முதல்முதலாக நான் அவரிடம் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று நினைவில்லை. பவுடர் டப்பாவிலிருந்து தொடங்கினேன் என்று பிற்பாடு அந்தப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். கடைசியில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "நீங்க வந்து அந்தப் பொண்ணு ஊர்ல, அவங்க அப்பா எதுர்ல சொல்லணும். இல்லேனா நாளைக்கு நானே அந்த உரக்கடைக்குப் போன் போட்டு உங்களப் பத்திச் சொல்றேன்."

வந்தார். அதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கீழ்பென்னாத்தூர் பஸ்சில் என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டு வாசலில் மணிலாக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சுளாவும் அவள் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க சார்" என்றார். வெயிலுக்காக ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். அது கடகடவென்று ஆடியது. சார் உடனே அதைப் பார்த்து, "இத யாரு கீழ போட்டது?" என்றார். நான் அவர் முதுகில் ஒரு குத்து விடாதது என் பொறுமை. எங்களைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தவர்கள் வந்து நின்றார்கள். உரக்கடைக்காரரும் வந்தார்.

சார் தொண்டையைச் செருமினார். பழத்தைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே, "அது ஒண்ணுமில்ல, மிஷின்ல ஒரு சின்ன அடைப்பு. சரியாயிடுச்சு. பொண்ண அனுப்புங்க" என்றார்.

மஞ்சுளா தலை நிமிரவில்லை. கொட்டை உடைத்துக்கொண்டே சொன்னாள்: "கேக்கல சார்."

உரக்கடைக்காரர் சாரைப் பார்த்தார். சார் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "ஹெட்போன் ஓட்டைல சந்தனம் அடச்சிருந்துச்சு. எடுத்தாச்சு."

"கேக்கல சார். எனக்குத்தான் காது மந்தமாச்சே. சத்தமாச் சொல்லுங்க."

இப்போது யாரும் கொட்டை உடைக்கவில்லை. அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார், அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து நின்றபோது, அந்தச் சட்டைக்குள் அவர் எவ்வளவு மெலிந்துபோயிருக்கிறார் என்று முதல்முதலாகக் கவனித்தேன். தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி சொன்னார்.

"சந்தனம் வெச்சது நான். உங்க பொண்ணுக்கு நல்ல காது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்ப கேட்டுது சார்" என்றாள் மஞ்சுளா. "ஆனா நான் வேலைக்கு வரல. வேற எடம் பாத்துக்கிறேன்."

அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. தை பிறந்ததும் அவள் வேலூரில் இதே மாதிரி வேறோர் இடத்தில் சேர்ந்தாள்.

நான் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். மனசு நிறைந்துதான் இருந்தது. நியாயத்தை வாங்கிக்கொடுத்தவள் நான் அல்லவா? அவள் தோளைத் தொட்டு, "வரட்டாடீ?" என்றேன். அவள் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு அத்தன பேரு நடுவுல சாரு என்னச் சொன்னப்ப, உங்களுக்கு நல்லாக் கேட்டுது இல்ல?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. திரும்பவும் கொட்டை உடைக்கத் தொடங்கினாள்.

திரும்பி வருகிற பஸ்சில் கூட்டமில்லை. சார் பக்கத்துச் சீட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மலை தெரியத் தொடங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அதே பொறுமையான குரலில் கேட்டார்.

"ஏம்மா, எம்மேலதான் கோவம்னா சரி. உம்மேல எதுக்கு அந்தப் பொண்ணுக்கு அவ்ளோ கோவம்? நீ இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல சார்" என்றேன்.